கிணற்றுச் சுவரில் ஒரு பசுமை

சென்ற பங்குப் பேரவைக் கூட்டத்தில், நம் நெல்லிக்குப்பம் பங்கு இல்லத்தின் பின்புறக் கிணற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எந்தக் காலத்திலோ கட்டிய கிணறு அது. ஆழ்துளைக் கிணறும் குழாய்த் தண்ணீரும் வந்தபின் அதில் இறைப்பாரில்லை. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்கள் அதன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே மேலே ஒரு கான்கிரீட் பலகையைப் போட்டு நிரந்தரமாக மூடிவிடலாம் என்று ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிந்தார். பிள்ளைகளின் உயிரைப் பற்றிய செய்தியாதலின் மறுத்துப் பேச நமக்கும் நாவெழவில்லை. எனினும், முடிவெடுக்க மூன்று மாத அவகாசம் வேண்டுமென்று கேட்டோம். காரணம் வினவியபோது, "கிணற்றுக்குள் குடியிருப்போர் சிலர் உளர், அவர்களைக் கேட்க வேண்டும்" என்றோம். அனைவரும் நகைத்தனர். நாம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கிணறு ஒன்று இருக்குமாயின், ஒருநாள் காலை பத்து மணியளவில் அதனுள் குனிந்து பாருங்கள். வெயில் எட்டாத பக்கத்தில், செங்கல் இடுக்குகளிலிருந்து பச்சை இறகுகள் போல் சில செடிகள் தொங்கிக் கொண்டிருக்கும். நட்டவர் இல்லை, நீர் ஊற்றியவர் இல்லை. இவற்றையே நம் பள்ளிப் பாடநூல்கள் பெரணி என்கின்றன. இலங்கைத் தமிழர் பன்னம் என்பர். நகரங்களில் பூந்தொட்டிக் கடைக்காரரிடம் கேட்டால், "ஃபெர்ன் வேணுமா சாமி?" என்று சொல்லி, மலையிலிருந்து வந்த ஒன்றை நம் தலையில் கட்டிவிடுவார்.

பூவாத, காயாத செடி பெரணி. விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பழுப்பு நிறப் புள்ளிகளோ ஓரத்தில் கோடுகளோ காணப்படும். அவற்றிலிருந்து உதிரும் நுண்தூளே அதன் வித்து. நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் ஆசையோடு வாங்கி வளர்த்த செடியில் இப்புள்ளிகளைக் கண்டு, புழு முட்டை இட்டுவிட்டதென அஞ்சி, பழைய பல் துலக்கும் தூரிகையால் இலை இலையாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். செடியின் வம்சமே அன்று சாக்கடையில் போயிற்று. பாவம், அவர் மீது குற்றமில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரணி நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டா. வயல் வரப்பிலும் குட்டை ஓரத்திலும் பறித்துச் சமைக்கும் ஆரைக்கீரை, பெரணிக் குலத்தைச் சேர்ந்ததே. ஒரு காம்பின் நுனியில் சிலுவை போல் நான்கு இலைகள் விரிந்திருக்கும் கீரை அது. நெல் வயலுக்கு உரமாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் உழவர் வளர்க்கும் அசோலா மற்றொன்று. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் 'முடவாட்டுக்கால்' என்று விற்கிறார்களே, ஆட்டுக்கால் போல் மயிர் அடர்ந்த கிழங்கு, முடக்குவாதக்காரர் சூப்பு வைத்துக் குடிப்பது, அதுவும் பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டுதான். கரடுமுரடான பாறை இடுக்குகளிலும் பழஞ்சுவர்களிலும் மயிலின் கொண்டை போல் விரிந்து நிற்கும் மயில்சிகை, கோடையில் சருகாகச் சுருண்டு, மழை பெய்த மறுநாளே மீண்டும் பச்சைப் பசேலென விரியும்.

நம் மாவட்டத்துக்கு இதனினும் பழைய உறவு ஒன்று உண்டு. 1935 ஆம் ஆண்டு நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று மேலே வந்தது என்பது இப்பகுதியார் அனைவரும் அறிந்த வரலாறு. 1956 இல் அதற்கென ஒரு நிறுவனம் எழுந்தது. 1962 முதல் அங்கே மின்சாரம் பிறந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகளில் மடிந்து புதைந்த மரஞ்செடிகளின் உடல். அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்த தாவரவியலார் சி. ஜி. கே. இராமானுஜம் 1966 இல் வெளியிட்ட ஆய்வில், பூக்கும் தாவரங்களின் மகரந்தத்தோடு பெரணிகளின் வித்துத்தூளும் அதில் இருப்பதை விவரித்திருக்கிறார். கற்பனை செய்து பாருங்கள்: இன்று அனல் காற்று வீசும் இந்நிலம் ஒரு காலத்தில் நிழலும் ஈரமும் நிறைந்த காடு. மின்விளக்கை ஏற்றும்போது நாம் எரிப்பதில் ஒரு சிறு பங்கு அந்தப் பெரணிகளுடையது.

பெரணிக்கு நிழலும் ஈரமும் ஏன் வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று. விதையே காணாத செடி எங்ஙனம் பெருகுகிறது என்பது ஐரோப்பியருக்குப் பெரும் புதிராக இருந்தது. புனித அருளப்பர் திருநாளுக்கு முந்திய இரவில் மட்டும் பெரணியின் விதை கண்ணுக்குப் புலப்படும் என்றும், அதை எடுத்து வைத்திருப்பவன் பிறர் கண்ணுக்கு மறைந்து திரியலாம் என்றும் அங்குள்ள பாமர மக்கள் நம்பினார்கள். ஜமைக்காத் தீவில் மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே என்பவர் அத்தூளைத் தொட்டியில் விதைத்து, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்து செடி முளைப்பதை 1794 இல் உலகுக்கு அறிவித்தார். எஞ்சிய இரகசியத்தை 1848 இல் போலந்து நாட்டவரான சுமின்ஸ்கி என்பவர் வெளிப்படுத்தினார்.

அது இதுதான். தூள் ஈர மண்ணில் விழுந்ததும் நேரே பெரணியாக முளைப்பதில்லை. முதலில் விரல் நகத்தினும் சிறிய, இதய வடிவான ஒரு பச்சைத் தழை உண்டாகிறது. அதன் அடிப்புறத்தில் ஆண் அணுக்களும் பெண் அணுவும் தோன்றுகின்றன. ஆண் அணு நீந்திச் சென்றே பெண் அணுவை அடைய வேண்டும். வண்டும் தேனீயும் இங்கே உதவ மாட்டா, காற்றும் உதவாது. மெல்லிய நீர்ப்படலம் ஒன்றே பாலம். அந்த ஒரு படலம் வெயிலில் காய்ந்துவிட்டால் அத்தலைமுறை அத்தோடு முடிந்தது. வளர்ந்த பெரணி ஓரளவு வறட்சியைத் தாங்கினும், குழந்தைப் பெரணி தாங்காமைக்குக் காரணம் இதுவே. கிணற்றுச் சுவரில் அவை செழிப்பதற்கும் காரணம் இதுவே. அங்கே காற்று அடிப்பதில்லை; செங்கல் நீரைக் குடித்து வைத்திருக்கிறது; கீழிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் நாம் வெற்றி கண்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். அறியாத காலத்தில் நாம் செய்த அசட்டுத்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், கடலூரை அடுத்த வேறொரு பங்கில் பணியாற்றி வந்தோம். ஆண்டுத் தியானத்துக்காகக் கொடைக்கானல் சென்றிருந்தபோது, சோலைக்காட்டு ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்திருந்த பெரணிகளைக் கண்டு மயங்கி, ஐந்து இளஞ்செடிகளை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் கொண்டு வந்தோம். குருமட நாட்களில் தோட்ட வேலை செய்த அனுபவம் நமக்கு உண்டு. அந்த இறுமாப்பும் உண்டு. போதாக்குறைக்கு ஓர் ஆங்கிலத் தோட்ட நூலையும் புரட்டினோம். 'பெரணிகளை வடக்குச் சுவரின் அருகே நடுக' என்றிருந்தது. அவ்வண்ணமே பங்கு இல்லத்தின் வடக்குச் சுவரோரம் குழி வெட்டி நட்டோம். ஐப்பசி முதல் பங்குனி வரை ஐந்தும் தளதளவென்று இருந்தன. வந்தவர்க்கெல்லாம் காட்டிப் பெருமை கொண்டோம். சித்திரை பிறந்தது. அக்கினி நட்சத்திரம் முடியுமுன் ஐந்தும் கருகிச் சருகாயின. காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியும் பயனில்லை.

கோயில்பிள்ளையின் தாயார், எண்பதை எட்டிய மூதாட்டி, தன் கைத்தடியால் அச்சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மலையில பொறந்த புள்ளையக் கொண்டாந்து வெயில்ல போட்டா என்ன செய்யும் சாமி? நம்ம கெணத்துல பொறந்தது பாருங்க, கேப்பாரில்லாம கெடக்கு!" எட்டிப் பார்த்தோம். அதே வெயிலில், அதே அனலில், கிணற்றுப் பெரணிகள் பசுமை மாறாமல் தொங்கின.

வடக்குச் சுவர் ஏன் காக்கவில்லை என்பது பின்னர்தான் விளங்கிற்று. இங்கிலாந்தில் ஆண்டு முழுவதும் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்தே செல்லும். ஆதலின் வடக்குச் சுவருக்கு நண்பகலில் என்றும் நிழல். நமது ஊர் பூமத்திய ரேகையிலிருந்து பன்னிரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன்பின் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை வடக்கே சாய்ந்து செல்கிறது. அதாவது, ஆண்டின் மிகக் கொடிய வெயில் மாதங்களிலேதான் நமது வடக்குச் சுவர் காலையும் நண்பகலும் மாலையும் காய்கிறது. நூலாசிரியர் பொய் சொல்லவில்லை. அவர் தம் ஊருக்குச் சொன்னதை நாம் நம் ஊருக்கு எடுத்துக் கொண்டோம். 'குளிரைத் தாங்கும் பெரணிகள்' என்று அந்நூல் நெடிய பட்டியல் தந்திருந்தது. உறைபனியில் சாகாத செடியே அவர்களுக்கு வலிய செடி. அக்கினி நட்சத்திரத்தில் சாகாதது எதுவோ அதுவே நமக்கு வலியது. அப்பட்டியலை நாமே நம் கிணற்றடியில் எழுதிக் கொள்ள வேண்டும்.

அதே பங்கில் இன்னொரு பாடமும் கிடைத்தது. கிணற்றை ஒட்டி ஒரு பெரிய பலா மரம். அதன் நிழலில் இருந்தபடியால்தான் கிணற்றடியே குளிர்ந்திருந்தது என்பதை மரம் இருந்தவரை நாம் உணரவில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அன்று விழுந்த பலாக்களையும் முந்திரிகளையும் பற்றிப் பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் திருமணமும் வேரோடு சாய்ந்தன. அத்துயரின் முன் நமது கிணற்றுப் பெரணி ஒரு பொருட்டா? ஆயினும் அடுத்த கோடையில், மரம் போன கிணற்றின் மேல் வளையங்களில் இருந்த பெரணிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்ததைக் கண்டபோது, ஒரு மரத்தோடு எத்தனை குடிகள் போகின்றன என்று நெஞ்சு கனத்தது. அவ்வாண்டு நீர்மட்டமும் கீழிறங்கிற்று. பத்தடி ஆழத்தில் மட்டும் சில செடிகள் எஞ்சின. வேறு பங்குக்கு மாற்றம் வந்தபோது, அவற்றின் ஓர் இலையைக் கடித உறையில் போட்டு எடுத்து வந்தோம். அந்த உறையின் கதையைப் பிறகு சொல்வோம்.

இப்போது, வீட்டில் பெரணி வளர்க்க விரும்புவோர்க்குச் சில கூறுவோம்.

முதலில் செடியைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். துவைகல்லைச் சுற்றிய மூலை, பாத்திரம் கழுவும் இடத்துக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட சந்து, தென்னையும் வாழையும் சேர்ந்து நிற்கும் அடி, குடிநீர்ப் பானை கசியும் திண்ணை ஓரம் ஆகியவற்றுள் ஒன்று எவ்வீட்டிலும் இருக்கும். சித்திரை மாதத்தில் ஒருநாள் நண்பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு அங்கே நின்று பாருங்கள். பாதம் பொறுக்குமானால் பெரணியும் பொறுக்கும். காலை எட்டு மணி வரை விழும் இளவெயில் நன்றே செய்யும். மேலே நிழலில்லையேல் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போடுங்கள். நான்கு கழியும் பத்துக் கீற்றும் போதும். சவுக்கை வேலியோ செம்பருத்தி வரிசையோ மேற்குப் புறத்தில் இருந்து அனற்காற்றைத் தடுக்குமானால் இன்னும் நலம். பெரணியை வெயிலைவிட விரைவாகக் கொல்வது வறண்ட காற்று.

நடும் காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழையில் வேரூன்றிவிட்டால், கோடைக்குள் செடிக்கு ஆறு மாத வயதாகியிருக்கும். ஆனால் கார்த்திகை மழையில் நம் பக்கத்து மண் சேறாகித் தேங்கும். தேங்கிய நீரில் பெரணியின் வேர் அழுகும். ஆகவே பாத்தியைத் தரையினின்று அரையடி உயர்த்துங்கள். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டும் செங்கல் ஜல்லியும்; அதன்மேல் ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய இலைத்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கைப்பிடி அடுப்புக்கரி. கரும்பு விளையும் ஊரில் இருக்கும் நமக்கு ஒரு வசதி: கரும்புச் சோகையைப் பாத்தியின் மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நெடுநாள் நிற்கும். சர்க்கரை ஆலையின் கழிவு மண்ணையும் சேர்க்கலாம். ஆனால் ஓராண்டாவது மக்கியதாக இருக்க வேண்டும். புதியதைப் போட்டால் சூடேறி வேரை வேக வைத்துவிடும். தென்னை நார்க்கழிவாயின் இரண்டு மூன்று நீரில் அலசிய பின்பே இடுங்கள். அதில் உப்பு இருக்கும். யூரியாவைக் காட்டவே வேண்டா. மாதம் ஒருமுறை நீர்த்த சாணக் கரைசல் போதும்.

நீர் ஊற்றும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். செடியின் நடுக்குருத்தில் குடத்தைக் கவிழ்த்தால் குருத்து அழுகும். சுற்றியுள்ள தரையை, சுவரை, செங்கல்லை நனையுங்கள். அவை மூச்சு விடும் ஈரத்தைச் செடி எடுத்துக்கொள்ளும். தொட்டியில் வளர்ப்போர், அத்தொட்டியை அதனினும் பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, அம்மணலை நனைத்து வரலாம். ஊர் சென்று மூன்று நாள் கழித்துத் திரும்பினாலும் செடி வாடாதிருக்கும்.

எவற்றை வளர்ப்பது? முதலிடம் நெப்ரோலெபிஸ் என்னும் வாள் போன்ற இலையுடையதற்கு. கடைகளில் எளிதில் கிடைக்கும். அதன் ஒரு வகையின் வேர்களில் நெல்லிக்காய் அளவான உருண்டைக் கிழங்குகள் உண்டாகும். உள்ளே பெரும்பாலும் நீர்தான். கோடைக்கென்று தானே சேர்த்து வைக்கும் செட்டு! 'பாஸ்டன் ஃபெர்ன்' என்று விற்பது இக்குலத்தின் மற்றொரு பிரிவு. 1894 இல் அமெரிக்காவில், பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டன் பக்கம் அனுப்பிய செடிகளினிடையே தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டது. பார்வைக்கு அழகு, ஆனால் நம் வெயிலுக்குச் சற்று மெலிவு. இவை ஓடும் தண்டுகளால் பெருகுவதால் பிரித்து நட்டுக் கொள்ளலாம்.

அடுத்தது, கிணற்றுச் சுவர்களில் நாம் காணும் ஏணிப்படி போன்ற இலையுடைய பெரணி. டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் நூற்பெயர். சுண்ணாம்பை விரும்பும் செடி. ஆதலின்தான் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் தாராளமாகவும் சிமெண்டு பூசிய சுவரில் அருமையாகவும் முளைக்கிறது. வீடு இடித்த பழைய காரையைப் பொடித்து மண்ணில் கலந்து கொடுங்கள். இச்செடி மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் குவித்து வைக்கிறது என்பதை அமெரிக்காவில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 2001 இல் கண்டறிந்தனர். நச்சு மண்ணைத் தூய்மைப்படுத்த இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது அடியாண்டம். கருங்கம்பி போன்ற மெல்லிய காம்பும், நீர் ஒட்டாத சிற்றிலையும் உடையது. கிரேக்க மொழியில் அப்பெயருக்கே 'நனையாதது' என்றுதான் பொருள். அதன் ஒரு வகை இலைநுனி நீண்டு தரையைத் தொட்டவிடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகும். அங்கிருந்து மீண்டும் ஓர் அடி எடுத்து வைக்கும். பள்ளிப் பிள்ளைகள் 'நடக்கும் பெரணி' என்று படிப்பார்களே, அதுவே. சிறுவர்க்குக் காட்ட இதைவிடச் சிறந்தது இல்லை.

மலைப் பெரணிகள் மீது ஆசை கொள்வோர்க்கு ஒரு வேண்டுகோள். நாம் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். கொடைக்கானல், ஏற்காடு சாலையோரங்களில் வேரோடு பிடுங்கி விற்பதை வாங்கினால், அது உங்கள் வீட்டில் ஒரு கோடையைக் காணாது. அது நின்ற இடமும் வெறுமையாகும். மரம் போல் வளரும் பெரணிகளின் அடித்தண்டு ஆர்க்கிடு வளர்ப்புக்கென்று வெட்டப்பட்டுவந்தது. ஆள் உயரம் வளர அதற்குப் பல்லாண்டுகள் தேவை. அம்மரப் பெரணிகள் இப்போது சைட்டிஸ் எனும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன.

இம்மலைகளின் பெரணிகளை முதலில் முறையாகப் படமெழுதி வெளியிட்டவர், சென்னை மாகாண வனத்துறை அதிகாரியான பெட்டோம் என்ற ஆங்கிலேயர். 'தென்னிந்தியப் பெரணிகள்' என்ற அவரது நூல் 1863 இல் வரத் தொடங்கிற்று. நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், அம்மலைச் சரிவுகளை நடந்து அளந்தவர் ஒரு குருவானவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த சேசு சபைத் தந்தை வி. எஸ். மாணிக்கம் அவர்கள், பழனி மலைப் பெரணிகளைப் பற்றிய நூலை 1986 இலும், இருதயராஜ் அவர்களோடு இணைந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளின் பெரணிகளைப் பற்றிய பெருநூலை 1992 இலும் வெளியிட்டார். எழுதியதோடு நில்லாமல், அருகிவரும் வகைகளின் வித்துத்தூளை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளில் முளைக்க வைத்து வளர்க்கும் பணியையும் அவரும் அவர்தம் மாணவர்களும் மேற்கொண்டார்கள். ஒரு செடியையும் பிடுங்காமல், ஓர் இலையின் தூளிலிருந்து நூறு செடிகளை உண்டாக்கலாம் என்பதே அவ்வேலையின் நயம். நாம் கொடைக்கானலில் பெயர்த்தெடுத்த ஐந்தையும் நினைத்து அன்று வெட்கினோம்.

கண்ணாடிக் குடுவை என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். பெரணிப் பித்தர். ஆனால் சுற்றிலுமிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணிகள் எல்லாம் மடிந்தன. 1829 இல் அவர் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தார். பூச்சியைப் பார்க்கவே அவர் காத்திருந்தார். மண்ணிலிருந்து முளைத்ததோ ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும்! பகலில் மண்ணினின்று எழுந்த ஆவி கண்ணாடியில் துளித்து, மீண்டும் மண்ணிலேயே வடிந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், ஒரு சொட்டு நீரும் ஊற்றாமல் அவை வாழ்ந்தன. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளே பின்னர் கப்பலேறிச் செடிகளை நாடு விட்டு நாடு கொண்டு சென்றன. சீனத்துத் தேயிலை இந்தியாவுக்கு வந்ததும் அப்பெட்டிகளில்தான்.

வார்டுக்கு வாய்த்தது நமக்கு ஹார்லிக்ஸ் புட்டி. முறை எளிது. இலையின் அடிப்புறப் புள்ளிகள் பழுப்பேறியதும் இலையைக் கிள்ளி, வெள்ளைத் தாளில் அடிப்புறம் கீழாக வைத்து, மேலே ஒரு புத்தகத்தை வையுங்கள். இரண்டு நாளில் தாளில் மஞ்சளும் பழுப்புமான தூள் படிந்திருக்கும். சூளைச் செங்கல் பாதி ஒன்றை எடுத்து, கொதிநீரை நிறைய ஊற்றி ஆறவிடுங்கள். இல்லையேல் பாசியும் பூஞ்சணமும் முந்திக் கொள்ளும். ஆறிய செங்கல்லை ஒரு தட்டில் நிறுத்தி, தட்டில் ஓர் அங்குலம் கொதித்தாறிய நீர் நிற்கச் செய்து, தூளைச் செங்கல்லின் தலையில் மெல்ல ஊதிவிட்டு, வாயகன்ற கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். வெயில் படாத, வெளிச்சம் உள்ள சன்னல் ஓரம் போதும். ஒரு மாதத்துக்குள் செங்கல்லின் தலை பச்சை பூசியது போலாகும். இன்னும் ஒன்றிரண்டு மாதங்களில் அந்த இதய வடிவத் தழைகள் நெருங்கி நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். அப்போது புட்டியைத் தூக்கி, விரலால் சில துளி நீரைத் தெளித்து மூடிவிடுங்கள். நீந்துவோர்க்கு நீர் வேண்டுமன்றோ! அதன்பின் சுருண்ட முதல் இலை, சங்கின் சுழி போல் எழும். நான்கைந்து இலை வந்தபின் பிரித்துச் சிறு தொட்டிகளில் நட்டு, புட்டிக்கு வெளியே வாழப் பழக்குங்கள். அவசரப்படுவோர்க்கு இது ஆகாது. ஓராண்டாகும்.

மாற்றலாகி வந்தபோது கடித உறையில் எடுத்து வந்த இலையின் தூளையே முதன்முதலில் இம்முறையில் விதைத்தோம். இரண்டு முறை பூஞ்சணம் பிடித்தது. மூன்றாவது முறை முளைத்தது. அவற்றின் வழிவந்தவை இன்று நெல்லிக்குப்பம் பங்கு இல்லத்தின் கீழைத் தாழ்வாரத்தில் ஏழு தொட்டிகளில் இருக்கின்றன. புயலில் மரமிழந்த அந்தக் கிணற்றைச் சென்ற ஆண்டு ஒருமுறை போய்ப் பார்த்தோம். அது தூர்க்கப்பட்டு, மேலே வாகனம் நிறுத்தும் கொட்டகை எழுந்திருக்கிறது.

மூன்று மாத அவகாசம் கேட்டதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். நம் பங்குக் கிணற்றில் ஏணிப்படிப் பெரணியோடு, அடியாண்டத்தில் இரு வகைகளும், நமக்கு இன்னும் பெயர் தெரியாத ஒன்றும் இருக்கின்றன. நான்கின் தூளையும் எடுத்து, நான்கு செங்கற்களில் விதைத்து, நான்கு புட்டிகளால் மூடிவிட்டோம். இதற்கிடையே பேரவை உறுப்பினர் ஒருவர், பட்டறை வைத்திருப்பவர், கான்கிரீட் பலகைக்குப் பதில் பூட்டு வைத்த இரும்புக் கம்பி வலை போடலாமே என்றார். ஒளியும் மழையும் உள்ளே போகும். பிள்ளைகள் போக முடியாது. செலவு பலகையைவிடக் கூடுதல்தான். பொருளாளர் இன்னும் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.

முதல் மூன்று செங்கற்களிலும் பச்சை படர்ந்துவிட்டது. பெயர் தெரியாதது மட்டும் இன்னும் அசையவில்லை. ஏணிப்படிப் பெரணியின் தூள் தேவைக்கு மேல் இருக்கிறது. வேண்டுவோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் தாழ்வாரத்துக்கு வரலாம். ஒரு கடித உறை கொண்டு வாருங்கள். பழைய உறையானாலும் சரி, ஓட்டையில்லாததாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.